உப்புத் தண்ணீரும் உழைப்பாளி வீட்டுச் செலவும்

(கோவை கிழக்குப் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியது)



தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், தண்ணீர் வராததைப் பற்றித்தான் பேசப் போகிறோம் என்று பலர் எண்ணியிருப்பீர்கள். அதைப் பற்றிப் பல தடவை பேசியாகிவிட்டது. காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தும் பேசியாகிவிட்டது. இன்று வருகிற தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் கோவையில் ஒரு விசித்திரம் உண்டு. வெளியூர்க்காரர்கள் நம் வீதிக்கு வந்தால் வியப்படைகிறார்கள். "இது நல்ல தண்ணிக் குழாய், அது உப்புத் தண்ணிக் குழாய்" என்று குழந்தைகள்கூட விரல் நீட்டிச் சொல்கின்றன. நல்ல தண்ணீர் சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருவது. பல நாளைக்கு ஒரு முறை வருவது. உப்புத் தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது. சப்பைத் தண்ணி என்று சொல்வோரும் உண்டு. குடிப்பதற்கும் சோறாக்குவதற்கும் முதலாவது. குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க இரண்டாவது. ஆனால் இந்தப் பிரிவினை எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறதா? இல்லை. லைன் வீடுகளில் இருப்போர் பலருக்கு நல்ல தண்ணீர் நாலு குடத்தோடு நின்றுவிடுகிறது. கிராமத்தில் காட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் பலவற்றுக்கு உப்புத் தண்ணீர்தான் எல்லாமும்.

இந்த விஷயத்தை இன்று எடுத்ததற்குக் காரணம் ஒரு மெஷின். சென்ற மாதம் நம் லைன் வீடுகளில் ஓர் இளைஞர் ஒவ்வொரு வாசலாக வந்தார். நல்ல சட்டை, தோளில் பை, வாயில் "அக்கா, அக்கா" என்று மரியாதை. "உங்க தண்ணியிலே என்ன இருக்குதுன்னு காட்டட்டுங்களா, அக்கா?" என்றார். இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் தாம் கொண்டுவந்த, மெஷினில் வடித்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் அமிழ்த்தி, ஸ்விட்சைப் போட்டார். ஒரு நிமிஷத்தில் நம் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே அழுக்கு மிதந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தானுங்க அக்கா உங்க குழந்தைக குடிக்குது" என்றார். ஒரு தாய் அழுதே விட்டார். மறுநாள் இரண்டு வீடுகளில் தவணைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

தோழர்களே, அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல! கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கம்பி இரும்பு. உப்புக்கள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து, துருவாகிக் கலங்கும். வடித்த தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் அதிகம் பாய்வதில்லை, கம்பி கரைவதில்லை. அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சோற்று உப்பைப் போட்டு மறுபடியும் ஸ்விட்சைப் போடச் சொல்லியிருந்தால், அதுவும் கலங்கியிருக்கும். எலெக்ட்ரிக் வேலை தெரிந்த நம் தோழர் ஒருவர், அடுத்த வீதியில் இதையே செய்து காட்டச் சொன்னார். இளைஞர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. கமிஷனுக்கு அலைகிற பிள்ளை அவர். அவரும் ஏதோ ஒரு லைன் வீட்டில் பிறந்தவராகத்தான் இருப்பார்.

ஆனால் மெஷின்காரர் சொன்னது பொய் என்பதால் நம் தண்ணீரில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. குறை இருக்கிறது. அது எந்தக் குறை, எது அல்ல என்று தெரிந்துகொண்டால்தான் நம் பணம் யார் பைக்கும் வீணாகப் போகாது.

உப்புத் தண்ணீர் என்று ஒரே பெயரில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். சோற்று உப்பு போன்ற உப்புக்கள் கரைந்து கரிப்பது ஒன்று. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து, நுரை வராமல் செய்வது இன்னொன்று. இதற்குத்தான் கடின நீர் என்று பெயர். நம் பக்கத்துக் கிணறுகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இது எங்கிருந்து வந்தது? மதுக்கரையை எல்லோருக்கும் தெரியும். அங்கே 1930களில் சிமென்ட் ஆலை வைத்தார்கள். ஏன் அங்கே வைத்தார்கள்? பூமியில் சுண்ணாம்புக் கல் இருந்தது. அதே மாதிரிக் கல், சுக்கான் கல்லாகவும் மண்ணாகவும், இந்த வட்டாரத்தில் பல இடங்களில் பரந்திருக்கிறது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தன்னுள் வைத்துக்கொள்கிறது. கோவையில் மழையும் குறைவு. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் அளவுதான். பழைய உப்பை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் இல்லை. நூறடியில் கிடைத்த தண்ணீர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த தண்ணீரைத்தான் இன்று மோட்டார் வைத்து இழுக்கிறோம்.

சிறுவாணி அப்படியல்ல. மேற்கு மலையில் கொட்டுகிற பெருமழை, காட்டிலும் கருங்கல்லிலும் ஓடி அப்படியே வருகிறது. கரைத்துக்கொள்ள அங்கே சுண்ணாம்பும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் அந்த ருசி. 1930 வாக்கில் அந்தத் தண்ணீர் முதன்முதலாகக் கோவை நகரத்துக்கு வந்தது. பிற்பாடு 1973-ல் கேரளத்தோடு ஒப்பந்தம் செய்து, கேரள மண்ணிலே அணை கட்டிக் கூடுதலாகக் கொண்டு வந்தோம். இரண்டு மாநில ஜனங்களின் உடன்பாட்டில் குடிக்கிற தண்ணீர் அது.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

கடினத்தன்மையை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2012-ல் வகுத்த அளவு 200. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த 600 என்ற தண்ணீரில் சோப்புப் போட்டால் என்ன நடக்கிறது? சோப்பு முதலில் துணி அழுக்கிடம் போவதில்லை. சுண்ணாம்பிடம் போகிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரிகின்றன. பக்கெட் ஓரத்தில் படிகிறதே, அந்தப் பிசுக்கு நாம் காசு கொடுத்து வாங்கிய சோப்புதான். சுண்ணாம்பு எல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். 600 கடினத்தன்மையுள்ள தண்ணீர், லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிராம் சுத்தச் சோப்பை இப்படி விழுங்கிவிடுகிறது. 20 லிட்டர் பக்கெட் ஒன்று முழுவதையும் நுரைக்க வைக்க வேண்டுமானால், 70 கிராமுக்கு மேல் சோப்பு வீணான பிறகுதான் வேலையே ஆரம்பமாகும். எந்தத் தாயும் பக்கெட் முழுவதையும் நுரைக்க வைப்பதில்லை என்பது உண்மைதான். கல்லில் துணியைப் போட்டுச் சோப்பைத் தேய்க்கிறோம். ஆனால் அலசுகிற போது துணியில் இருக்கும் மிச்சச் சோப்பும் பிசுக்காகி நூலுக்குள்ளே உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளை வேட்டி பழுப்பாவதும் துண்டு மொடமொடவென்று அட்டை மாதிரி ஆவதும் இதனால்தான். "நீ சரியாகத் துவைப்பதில்லை" என்று மனைவியைக் கடிந்துகொள்ளும் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

சலவைத் தூள்கள் வந்த பிறகு இந்தப் பிசுக்கு குறைந்திருக்கிறது. ஆனாலும் கடின நீரில் தூள் கூடுதலாகத்தான் செலவாகும். கையும் காந்தும்.

அடுத்தது பருப்பு. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் கூட்டம் தொடங்குமுன் சொன்னார்: "நல்ல தண்ணி தீர்ந்துபோன நாளைக்குப் பருப்பு வேகறதே இல்லீங்க. கேஸுதான் தீருது." இதில் கைப்பிழை எதுவும் இல்லை. பருப்பின் அணுக்களை ஒட்ட வைத்திருக்கும் பசை ஒன்று உண்டு. வேகும்போது அது கரைய வேண்டும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டுதான் நிற்கும். சிலர் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுகிறார்கள். வெந்துவிடும். ஆனால் பி-1 வைட்டமின் அழிந்துபோகும். பருப்பைச் சாப்பிடுவதே சத்துக்காகத்தான் என்னும்போது அது சரியான வழியல்ல. கிடைக்கிற நல்ல தண்ணீரில் ஒரு பங்கைப் பருப்புக்கென்று எடுத்து வைத்துக்கொள்வதே மேல். பருப்பை ஊற வைப்பதும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கல் மாதிரிப் படிகிறதே, அது தண்ணீர் கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறி, கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாவது. அந்தக் கல் சூட்டை எளிதில் கடத்தாது. விறகும் கேஸும் முதலில் கல்லைச் சுட வைத்த பிறகே தண்ணீரைச் சுட வைக்க வேண்டும். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் அது ஏறினால், உள்ளே சூடு அடைபட்டு ராடு எரிந்துபோகும். எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு ராடுகள் போயின. கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊற வைத்துத் தேய்த்தால் அந்தக் கல் கரைந்துவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. (ராடை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு ஊற வைக்க வேண்டும். இதையும் சொல்லிவிடுவது நல்லது.)

இனி, பயமுறுத்தும் விஷயம். இந்தத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று மெஷின்காரர் மட்டுமல்ல, நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாத்திரத்தில் கல் படிகிறது, ஆகவே வயிற்றிலும் படியும் என்பது பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மருத்துவம் அவ்வாறு முடிவு கட்டவில்லை. கடினத்தன்மைக்கென்று உடல்நலத்தை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவையே. தலைமுடி கொட்டுவதற்கும் இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. பிசுக்குப் படிந்து முடி சிக்குப் பிடிப்பது மெய். தோல் வறண்டு அரிப்பதும் மெய். ஏற்கெனவே கரப்பான் உள்ள குழந்தைக்கு அது தொந்தரவாக இருக்கலாம். ஆனால் மெஷின் வைத்தால் கரப்பான் போய்விடுமா? பிரிட்டனில் 336 குழந்தைகளைக் கொண்டு சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, வழக்கமான வைத்தியம் மட்டும் செய்த பிள்ளைகளைவிடக் கூடுதலான குணம் எதுவும் காணவில்லை.

அப்படியானால் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு கல்? சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று, தண்ணீர் போதுமான அளவு குடிக்காததும் வியர்வையாக வெளியேறுவதும். ஸ்பின்னிங் கூடத்தின் சூட்டைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் வியர்வை ஆறாக ஓடுகிறது. கக்கூசுக்குப் போக மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டும், எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்கிறார்கள் என்பதால், நம் பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர் ஷிப்டு முடியும் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள்! களையெடுக்கப் போகிற தாய்மார்கள் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. கல்லுக்குக் காரணம் தேடுகிறவர்கள் குழாயைப் பார்ப்பதற்கு முன்பு இதைப் பார்க்க வேண்டும். வீட்டில் வைக்கிற மெஷின் எதுவும் மில்லிலே கக்கூசு கட்டித் தராது.

குடிதண்ணீரில் உயிருக்கு உலை வைப்பது சாக்கடை கலப்பதுதான். குழாய் உடைந்து கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால், அது சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. அந்த இளைஞர் வைத்திருந்த பேனா மாதிரிக் கருவி கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். காலராக் கிருமி ஆயிரம் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. தண்ணீர் பஞ்சமான ஊரில் இதை யோசிக்க வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இந்த மெஷின்களைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இதை விற்பது, பால்காரன் வீட்டுக்குப் பால் பவுடர் விற்பதுதான். உப்புத் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லாத குடும்பத்தின் விஷயம் வேறு. அங்கேகூட, ஒவ்வொரு வீட்டுக்கும் தவணையில் ஒரு மெஷினா, அல்லது வீதிக்கு நல்ல தண்ணீர்க் குழாயா என்பதே கேள்வி.

ஒரு வேடிக்கையையும் பாருங்கள். சாய ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரியும். அங்கே பாய்லருக்குப் போகிற தண்ணீர் நம் வீட்டுக்கு வருகிற தண்ணீர் போல இருக்கிறதா? ஒருபோதும் இல்லை. குழாயில் கல் படிந்தால் நீராவி குறையும், எரிபொருள் வீணாகும், பாய்லர் வெடித்தே போகலாம். சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தால் ஆர்டர் போய்விடும். ஆகவே தண்ணீரை மென்மையாக்கத் தனிப் பிளாண்டே இருக்கிறது. ரெசின் குருணைகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கின்றன. குருணை களைத்துப்போனால், மூட்டை மூட்டையாகச் சோற்று உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவுகிறார்கள். பிடித்துவைத்த சுண்ணாம்பும் மக்னீசியமும் உப்போடு சேர்ந்து வெளியேறுகின்றன. பாய்லருக்குச் செய்கிற வைத்தியம் அந்த பாய்லரை ஓட்டுகிறவன் வீட்டுக்கு இல்லை. அதோடும் நிற்கவில்லை, பாய்லர் கழித்த கடினம் எங்கே போயிற்று?

நொய்யலைக் கேளுங்கள். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், விவசாயத்துக்காக. திருப்பூர் சாயக் கழிவும் உப்பும் வந்து தேங்கி, பாசனத்துக்குத் திறக்க முடியாத அணையாக அது ஆயிற்று. கீழே இருந்த கிணறுகள் கெட்டன. நிலக்காரர் பயிரை விட்டார். அந்த நிலத்தில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்தவர்கள் வேலையை இழந்தார்கள். நஷ்ட ஈட்டுப் பேச்சு வந்தபோது பட்டா உள்ளவர்தான் கணக்கில் வருவார். கூலிக்காரர் எங்கே வருவார்? 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதி மன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு மும்முரப்பட்டது. அந்த மூடலில் கூலி இழந்தவர்களும் நாம்தான். கிணறு கெட்டபோதும் நாம், பட்டறை மூடியபோதும் நாம்.

நகராட்சி நினைத்தால் முடியாதா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு நகரம். நம் ஊர் மாதிரி நெசவாலைகள் நிறைந்திருந்த நகரம். காலராவில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். நகராட்சியே முன்வந்து, மலைகளுக்கு நடுவேயுள்ள கேத்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து 1859-ல் திறந்தது. மலைத் தண்ணீர், மிக மென்மையானது. காலரா அடங்கியது மட்டுமல்ல, வீடுகளில் சோப்புச் செலவு குறைந்ததையும் அந்நாளில் பெரிதாகப் பேசினார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: மென்மையான தண்ணீர் ஈயக் குழாய்களை அரித்து, அந்த ஈயம் குடிதண்ணீரில் கலந்து, நூறு வருஷத்துக்குப் பிறகு அந்நகரம் சுண்ணாம்பு சேர்த்துத் தண்ணீரைத் திருத்த வேண்டியதாயிற்று. கடின நீராக இருந்தால் குழாயின் உள்ளே கல் படிந்து ஈயத்தை மூடியிருக்கும். உப்புத் தண்ணீருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு போலிருக்கிறது!

வீதிக்கு நல்ல தண்ணீர் வரும் வரை வீட்டில் என்ன செய்வது? துணிக்குச் சலவைச் சோடா. சமையல் சோடா அல்ல, சலவைச் சோடா. 600 கடினத்தன்மையுள்ள 20 லிட்டர் பக்கெட்டுக்குச் சுமார் 13 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் தூள் போதும். குச்சியால் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பில் பெரும் பகுதி அடியில் படியும். மேல் தண்ணீரை மொண்டு துவைக்கலாம். 70 கிராம் சோப்பு செய்கிற வேலையை 13 கிராம் சோடா செய்கிறது. இதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பட்டு, கம்பளிக்கும் ஆகாது. இது புது வித்தையும் அல்ல. வெளுக்கிறவர்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் இருந்ததும் இதே சோடாதான். ரசாயனம் படிக்காமலே அவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களை ஊருக்கு வெளியே வைத்தோம்.

தலைக்கு அரப்பும் சிகைக்காயும் பழையபடி நல்லவை. அவற்றின் நுரை சோப்பு நுரை அல்ல; சுண்ணாம்போடு சேர்ந்து திரிவதில்லை. மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, டிரம்மில் பிடியுங்கள். மழை நீர் மிக மென்மையான தண்ணீர். ஒரு வாரத் துணிக்கு ஆகும். எல்லாக் கட்டிடத்திலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். நம் லைன் வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஒவ்வொரு வீதியிலிருந்தும் இரண்டு பாட்டில்கள் கொண்டு வாருங்கள். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒரே அளவு. ஒரே சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வோம். மோசமாக உள்ள வீதிகளின் தண்ணீரை, மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுப்போம். எண்ணோடு முடிவு கைக்கு வரும். வீதிவாரியாக அந்த எண்ணை எழுதி, நல்ல தண்ணீர்க் குழாய் எத்தனை, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் சேர்த்து, மாநகராட்சிக்கு மனு தயாரிக்க வேண்டும். கையெழுத்துத் தாள்கள் வாசலில் மேஜைமேல் இருக்கின்றன. தவணைக்குக் கையெழுத்துப் போட்ட இரண்டு வீட்டுக்காரர்களும் ரசீதோடு கூட்டம் முடிந்ததும் நம்மைப் பார்க்க வேண்டுகிறோம்.